தகவல் தொடர்பியல் பட்டம்: கடன் வாங்கும் முன் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

புதுடெல்லி: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வு முடிவுகளும் வெளியாகும் பருவத்தில் இதழியல், காட்சித் தொடர்பியல், விளம்பரம், மக்கள் தொடர்பு ஆகிய படிப்புகளுக்கான சேர்க்கையும் நாடு முழுவதும் சூடுபிடிக்கிறது. ஒளிப்பதிவுக் கூடம், நவீன கேமரா, புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் படங்கள் என்று கல்வி நிறுவனங்களின் கையேடுகள் கண்ணைக் கவர்கின்றன. ஆனால், ஒரு குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அவற்றில் இடம்பெறுவதில்லை. இந்தப் படிப்புக்காக வாங்கும் கடனை, இந்தப் படிப்பால் கிடைக்கும் முதல் வேலையின் சம்பளத்தைக் கொண்டு அடைக்க முடியுமா என்பதே அந்தக் கேள்வி.

பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கணக்கை முன்னிருந்து பின்னாகப் போடுகின்றன. கல்லூரியைத் தேர்வு செய்து, கட்டணத்தைக் கூட்டி, வங்கி எவ்வளவு தரும் என்று விசாரித்து, மீதியைப் புரட்டுகின்றன. சம்பளம் கடைசியில்தான் வருகிறது. ஊடகத் துறையைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே பாதுகாப்பானது. அதாவது, முதல் வேலையின் சம்பளத்திலிருந்து தொடங்கி, அது தாங்கக்கூடிய தவணையையும், அந்தத் தவணைக்கு உரிய கடனையும் கண்டறிந்த பின்னரே கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஒரே பட்டம், பல தொழில்கள்

தகவல் தொடர்பியல் பட்டம் ஒரே ஒரு வேலைக்கான வாசல் அன்று. நாளிதழ், தொலைக்காட்சி, செய்தி முகமை, இணையச் செய்தித் தளம், விளம்பர நிறுவனம், பெருநிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவு, எண்ணிமச் சந்தைப்படுத்தல், திரைப்படத் தயாரிப்பு, தொண்டு நிறுவனங்களின் வளர்ச்சித் தொடர்பியல் எனப் பல திசைகளில் அது பிரிகிறது. இவற்றின் தொடக்கச் சம்பளங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. பெருநகரத்துப் பெருநிறுவனமொன்றின் மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்பவருக்கும், மாவட்டச் செய்தியாளராகப் பணியைத் தொடங்குபவருக்கும் இடையே ஊதிய இடைவெளி பெரியது. இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டமாக இருக்கலாம்.

துறையும் வேகமாக மாறி வருகிறது. ஃபிக்கி, இஒய் அமைப்புகள் 2025 மார்ச் மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய ஊடக, பொழுதுபோக்குத் துறையின் மதிப்பு 2024-இல் ரூ.2.5 லட்சம் கோடி. அதில் 32 சதவீதப் பங்குடன் எண்ணிம ஊடகம் முதன்முறையாகத் தொலைக்காட்சியைப் பின்னுக்குத் தள்ளியது. துறையின் மதிப்பு உயர்வதால் மட்டும் புதிதாகச் சேர்பவரின் சம்பளம் உயர்ந்துவிடாது. அச்சு, தொலைக்காட்சிக்கு மட்டுமே பயிற்சி தரும் பாடத்திட்டத்தில் பெருந்தொகையைச் செலவிடுவது சரியா என்பதைச் சிந்திக்க இந்த மாற்றம் உதவும்.

ஊதியப் பாதுகாப்பும் எல்லோருக்கும் சமமாக இல்லை. 2011-இல் அறிவிக்கப்பட்ட மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனினும் அவை செய்தித்தாள், செய்தி முகமை ஊழியர்களுக்காக வகுக்கப்பட்டவை. தொலைக்காட்சியும் இணைய ஊடகமும் அவற்றின் வரம்புக்குள் வரவில்லை. புதிதாகச் சேர்பவர்களில் பலர் ஒப்பந்த அடிப்படையிலேயே பணியமர்த்தப்படுகின்றனர்.

இன்னொரு முக்கிய வேறுபாடும் உண்டு. மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ பணியாற்ற அந்தத் துறைப் பட்டமும் பதிவும் கட்டாயம். செய்தியாளராகப் பணியாற்ற இந்தியாவில் அத்தகைய உரிமம் எதுவும் இல்லை. பொருளியல், சட்டம், வரலாறு, மொழி இலக்கியம் படித்தவர்களும் செய்தி அறைகளில் பணியாற்றுகின்றனர். குடிமைப் பணித் தேர்வின் வழியாக நிரப்பப்படும் இந்தியத் தகவல் பணியின் 'அ' பிரிவுப் பதவிகளுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதுமானது. கல்லூரி ஆசிரியர் பணிக்கு மட்டும் உரிய பாடத்தில் முதுநிலைப் பட்டமும், நெட் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டமும் தேவைப்படுகின்றன. எனவே, ஊடகப் பட்டம் இல்லாவிட்டால் ஊடக வேலை இல்லை என்ற அச்சத்தில் கடன் வாங்க வேண்டியதில்லை.

கட்டணம் மட்டுமே செலவு அன்று

கல்லூரி அறிவிக்கும் ஆண்டுக் கட்டணம் மொத்தச் செலவின் ஒரு பகுதியே. விடுதி, உணவு, மடிக்கணினி, கேமரா, குறும்படத் தயாரிப்பு ஆகியவை தனித்தனிச் செலவுகள். அனைத்துக்கும் மேலாக, பயிற்சிப் பணிக் காலம் உள்ளது. பாடத்திட்டத்தின் அங்கமாகப் பயிற்சிப் பணியை வைத்துள்ள கல்லூரிகள் மாணவர்களை டெல்லி, மும்பை போன்ற நகரங்களுக்கு அனுப்பும்போது, உதவித்தொகை இல்லாமலோ, வாடகைக்குக்கூடப் போதாத தொகையிலோ அவர்கள் அங்கு தங்க நேரிடுகிறது. அந்த இரண்டு, மூன்று மாதச் செலவையும் சேர்க்கைக்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இளநிலைப் படிப்பு இப்போது மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா என்பதும் செலவை மாற்றும். தேசிய கல்விக் கொள்கையின் அடிப்படையில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்று ஆண்டுகளில் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டும் படித்து ஹானர்ஸ் பட்டம் பெறலாம். நான்காம் ஆண்டுக்கான கட்டணத்துடன், அந்த ஓராண்டில் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளமும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

கல்விக் கடன் எப்படி வளர்கிறது?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தையே பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. இதன்படி ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்குக் குடும்பம் தன் பங்காக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல், உள்நாட்டுப் படிப்பு எனில் 5 சதவீதத்தைக் குடும்பம் ஏற்க வேண்டும். ரூ.4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. கடன் உத்தரவாத நிதியின் கீழ் வரும் கடன்களுக்கு ரூ.7.5 லட்சம் வரை பிணை தேவையில்லை. அதற்கு மேல் செல்லும்போது வங்கிகள் வீடு, நிலம் போன்ற சொத்துகளைப் பிணையாகக் கேட்கின்றன.

படிப்புக் காலத்துடன் மேலும் ஓராண்டு வரை தவணை செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு. அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். பல குடும்பங்கள் கவனிக்கத் தவறுவது இந்த விலக்குக் காலத்தைத்தான். தவணைக்கு மட்டுமே விலக்கு, வட்டிக்கு இல்லை. முதல் ஆண்டுக் கட்டணம் கல்லூரிக்குச் சென்ற நாளிலிருந்தே அதற்கான வட்டி ஓடத் தொடங்குகிறது. இந்தக் காலத்தில் தனி வட்டியாகக் கணக்கிடப்படும் அந்தத் தொகை, தவணை தொடங்கும் நாளில் அசலுடன் சேர்ந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாண்டு ஊடகப் பட்டத்துக்காக ஒரு மாணவி ஆண்டுக்கு ரூ.2.5 லட்சம் வீதம் மொத்தம் ரூ.7.5 லட்சம் கடன் வாங்குவதாகக் கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்பு மூன்று ஆண்டு, விலக்கு ஓராண்டு என நான்கு ஆண்டுகளில் முதல் தொகைக்கு ரூ.1 லட்சம், இரண்டாவது தொகைக்கு ரூ.75,000, மூன்றாவது தொகைக்கு ரூ.50,000 வட்டி சேர்கிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் ரூ.9.75 லட்சமாக நிற்கிறது.

இதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் ரூ.12,885. மொத்தம் செலுத்துவது சுமார் ரூ.15.46 லட்சம். பதினைந்து ஆண்டுகளாக நீட்டித்தால் தவணை சுமார் ரூ.10,477 ஆகக் குறையும். ஆனால் மொத்தத் தொகை சுமார் ரூ.18.86 லட்சமாக உயரும். தவணைக் குறைவுக்கு அவர் கொடுக்கும் விலை ரூ.3.4 லட்சம்.

அந்த மாணவி மாதம் ரூ.25,000 கையில் பெறும் வேலையில் சேர்ந்தால், பத்தாண்டுத் தவணை அவருடைய சம்பளத்தில் பாதிக்கும் மேல். பெருநகரத்தில் வாடகை, உணவு, போக்குவரத்து ஆகியவற்றை மீதிப் பாதியில்தான் சமாளிக்க வேண்டும். ஆண்டுதோறும் 10 சதவீதம் சம்பளம் உயர்கிறது என்று நம்பிக்கையுடன் கணக்கிட்டாலும், ஏழாம் ஆண்டில் சம்பளம் சுமார் ரூ.44,000 ஆக இருக்கும். அப்போதும் தவணை 29 சதவீதம். தவணை சம்பளத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்குவது பதினோராம் ஆண்டில்தான். அதற்குள் கடனே முடிந்திருக்கும். வேறு வகையில் சொன்னால், தாங்கக்கூடிய நிலை வரும் வரை அந்தக் கடன் முழுவதும் தாங்க முடியாத நிலையிலேயே அடைக்கப்படுகிறது.

பின்னோக்கிய கணக்கு

இதைத் தவிர்க்க எளிய அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தலாம். கல்விக் கடன் தவணை, கையில் கிடைக்கும் மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகோலை வைத்து, 10 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை, மூன்றாண்டுப் படிப்பு எனக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் கிடைக்கும் விடைகள் பின்வருமாறு:

* மாதம் ரூ.25,000 கையில் கிடைக்கும் எனில், தாங்கக்கூடிய தவணை ரூ.5,000, படிப்புக்காக வாங்கக்கூடிய கடன் சுமார் ரூ.2.9 லட்சம்.

* மாதம் ரூ.40,000 எனில், தவணை ரூ.8,000, கடன் சுமார் ரூ.4.65 லட்சம்.

* மாதம் ரூ.60,000 எனில், தவணை ரூ.12,000, கடன் சுமார் ரூ.7 லட்சம்.

மேற்கண்ட மாணவியின் ரூ.7.5 லட்சம் கடனுக்கு மாதம் ஏறக்குறைய ரூ.64,000 கையில் கிடைக்கும் முதல் வேலை தேவை. நினைவில் நிறுத்த வசதியாக, முதல் ஆண்டில் கையில் கிடைக்கும் மொத்தச் சம்பளத்தை விடக் கடன் கூடுதலாக இருக்கக் கூடாது என்றும் இந்த விதியைச் சுருக்கலாம்.

எந்தச் சம்பளத்தை நம்புவது?

கணக்கு முழுவதும் முதல் சம்பளத்தைச் சார்ந்திருப்பதால், அந்த எண்ணைச் சரியாக அறிவது அவசியம். கல்லூரி விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் 'அதிகபட்ச ஊதியம்' ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். 'சராசரி ஊதியம்' என்பதையும் ஓரிரு பெரிய சம்பளங்கள் உயர்த்திக் காட்டக்கூடும். மாணவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறும் இடைநிலை ஊதியமே நம்பகமானது.

தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பான என்ஐஆர்எஃப்-க்கு விண்ணப்பிக்கும் கல்வி நிறுவனங்கள், பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை, வேலை பெற்றவர்களின் எண்ணிக்கை, அவர்களின் இடைநிலை ஊதியம் ஆகியவற்றை அளிக்கின்றன. இந்த விவரங்களை எவரும் இணையத்தில் பார்க்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. அந்த எண் பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளையும் சேர்த்தது. ஊடகத் துறைக்கு மட்டுமான எண்ணைத் துறைத் தலைவரிடமோ, முன்னாள் மாணவர்களிடமோ தனியாகக் கேட்டறிய வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் படிப்பை முடித்த ஐந்தாறு பேரிடம் பேசினால் உண்மை நிலை விளங்கும்.

ஆண்டு ஊதியத் தொகுப்பு என்று சொல்லப்படும் தொகையும் கைக்கு வரும் சம்பளமும் வேறு வேறு. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை, காப்பீடு ஆகியவையும் தொகுப்பில் சேர்க்கப்படுவது உண்டு. தவணையைக் கையில் கிடைக்கும் பணத்தில்தான் கட்ட வேண்டும் என்பதால், கணக்கும் அதைக் கொண்டே அமைய வேண்டும்.

அரசின் உதவித் திட்டங்கள்

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 6 அன்று ஒப்புதல் அளித்த பிஎம்-வித்யாலட்சுமி திட்டத்தின் கீழ், தரவரிசை அடிப்படையில் தெரிவு செய்யப்பட்ட கல்வி நிறுவனங்களில் இடம் பெறுபவர்கள் பிணையோ, மூன்றாம் நபர் உத்தரவாதமோ இல்லாமல் கடன் பெறலாம். தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் இதில் இடம்பெற்றன. ஆண்டுக் குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு விலக்குக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு இந்த மானியம் அளிக்கப்படுகிறது.

குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் தொழில்நுட்ப அல்லது தொழிற்கல்விப் படிப்பில் சேர்ந்தால், விலக்குக் காலத்தின் முழு வட்டியையும் அரசே ஏற்கும் தனித் திட்டமும் நடைமுறையில் உள்ளது. ஊடகப் படிப்பில் சேர்பவர்கள் இங்கு இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். முதலாவது, என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஊடகக் கல்விக்கெனத் தனிப் பிரிவு இல்லை. ஆகவே தங்கள் நிறுவனம் பட்டியலில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இரண்டாவது, தாங்கள் சேரும் பட்டம் தொழிற்கல்வியாக ஏற்கப்படுகிறதா என்று வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் கல்வி வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் உள்ளவர்கள், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலையில் ஆண்டுக்கு ரூ.12,000, முதுநிலையில் ரூ.20,000 கிடைக்கும். இதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு என்பது அடிக்கடி சொல்லப்படும் ஆறுதல். அது பழைய வரி முறையைத் தேர்வு செய்பவர்களுக்கு மட்டுமே உரியது. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் ரூ.12 லட்சம் வரையிலான ஆண்டு வருமானத்துக்கு வரி இல்லை. எனவே, தொடக்கநிலை ஊழியருக்கு இந்தக் கழிவால் பெரும் பயன் இராது. கடன் முடிவை இதன் அடிப்படையில் எடுக்கக் கூடாது.

குறைந்த செலவில் மாற்று வழிகள்

ஊடகக் கல்வியில் அரசு நிறுவனங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1965-இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனமான ஐஐஎம்சி, டெல்லியுடன் தேன்கனல், அய்ஸ்வால், அமராவதி, ஜம்மு, கோட்டயம் ஆகிய இடங்களிலும் மையங்களைக் கொண்டுள்ளது. 2024-இல் அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வழங்கப்பட்டது. டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மக்கள் தொடர்பியல் ஆய்வு மையம் 1982 முதல் இயங்குகிறது. போபாலில் மாக்கன்லால் சதுர்வேதி தேசிய இதழியல், தகவல் தொடர்பியல் பல்கலைக்கழகம் உள்ளது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் இதழியல் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது.

சொந்த ஊருக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் வேறொரு பாடத்தில் கடனின்றிப் பட்டம் பெற்று, பின்னர் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் படிப்பது மற்றொரு வழி. பட்டயத்துக்காக ரூ.2 லட்சம் கடன் வாங்கினால், படிப்பும் விலக்குமான இரண்டு ஆண்டுகளில் அது ரூ.2.4 லட்சமாகும். ஐந்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் ரூ.5,100, மொத்தம் சுமார் ரூ.3.06 லட்சம். இந்த வழியில் ஓராண்டு தாமதமாக வேலைக்குச் செல்ல நேரும். மாதம் ரூ.25,000 வீதம் அந்த இழப்பு ரூ.3 லட்சம். அதையும் சேர்த்தால்கூட, முந்தைய எடுத்துக்காட்டின் ரூ.15.46 லட்சத்தை விட இது மிகக் குறைவு. பொருளியலோ சட்டமோ அறிந்த செய்தியாளர் என்ற கூடுதல் தகுதியும் சேரும்.

அதிகக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் அனைத்தையும் ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. துறையில் பெற்ற மதிப்பால், வளாகத் தேர்வில் உயர்ந்த சம்பளத்தைத் தொடர்ந்து பெற்றுத் தரும் நிறுவனங்களும் உள்ளன. இடைநிலை ஊதியம் மேற்கண்ட அளவுகோலுக்குள் வந்தால், பெரிய கடனும் நியாயமானதே.

கடன் வாங்கிய பின்னர்

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் அசல் பெருகாது. முதல் எடுத்துக்காட்டில் அவ்வாறு செய்திருந்தால், பத்தாண்டுத் தவணை ரூ.12,885-இலிருந்து சுமார் ரூ.9,911 ஆகக் குறைந்திருக்கும். கட்டிய வட்டியைச் சேர்த்த பின்னும் மொத்தத்தில் ரூ.1.3 லட்சம் மிஞ்சும். மாறும் வட்டி விகிதக் கடனை முன்கூட்டியே அடைக்கும் தனிநபர்களிடம் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது. ஆகவே, கையில் சேரும் சிறு தொகைகளையும் அசலில் கட்டலாம்.

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். கல்விக் கடனில் பெற்றோரும் இணைக் கடனாளிகள் என்பதால், பாதிப்பு மாணவரோடு நிற்பதில்லை. தந்தையின் விவசாயக் கடனோ, தாயின் நகைக் கடனோ பின்னர் சிக்கலாகலாம். வேலை கிடைக்கத் தாமதமானாலோ, வேலை பறிபோனாலோ தவணை தவறும் முன்பே வங்கியை அணுகிக் கால நீட்டிப்புக் கேட்பது நல்லது.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

* மூன்று ஆண்டுகளுக்கும் கட்டணம் மாறாதா, ஆண்டுதோறும் உயருமா?

* கடந்த ஆண்டு இந்தத் துறையில் படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? இடைநிலை ஊதியம் எவ்வளவு?

* பயிற்சிப் பணிக்கு உதவித்தொகை உண்டா? தங்கும் செலவு யாருடையது?

* வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? படிக்கும் காலத்தில் தனி வட்டியா, கூட்டு வட்டியா?

* இடையில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் துணை நிற்கின்றன. சேர்க்கைக்கான கடைசி நாளையொட்டி விலகும் தேதியைப் பொறுத்து, கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அவை கூறுகின்றன.

இக்கேள்விகளுக்கான பதில்களுடன், தாங்கக்கூடிய தவணை எவ்வளவு என்ற ஒரே எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்தால், எவை குடும்பத்தின் கைக்கு எட்டக்கூடியவை என்பது தெளிவாகிவிடும். வங்கி தர முன்வரும் தொகை கடனின் உச்ச வரம்பு மட்டுமே. அதில் எவ்வளவு வாங்கலாம் என்பதை, வரவிருக்கும் முதல் சம்பளமே தீர்மானிக்க வேண்டும்.